கோவிட் ரேபிட் ஆன்டிஜென் முடிவை எவ்வளவு நம்பலாம்?

அனைவருக்கும் வணக்கம். அம்மா கீமோதெரபி எடுத்துவரும் எங்கள் வீட்டில், தங்கைக்கு நேற்று முதல் காய்ச்சலும் தொண்டை வலியும் இருப்பதால், கோவிட் தொற்றைச் சில நிமிடங்களில் காட்டும் ரேபிட் ஆன்டிஜென் சோதனை செய்தோம். 15 நிமிடத்தில் சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் ‘சி’ கோடு மட்டுமே தெரிந்தது, அதாவது நெகட்டிவ்; ஒரு மணி நேரம் கழித்து, தொற்றைக் காட்டும் ‘டி’ அருகே மங்கலாக ஒரு கோடு தோன்றியது. குறித்த நேரம் கடந்து தெரியும் கோட்டைக் கணக்கில் கொள்ளக்கூடாது என்று கிட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

ஆனால் நெகட்டிவ் என்பதையும் என்னால் முழுமையாக நம்ப முடியவில்லை. பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும் இச்சோதனை, வைரஸ் அளவு குறைவாக உள்ள தொடக்க நாட்களில் தொற்றைத் தவறவிடக்கூடும் என்பதால்தான், அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தவர்களுக்கு ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபணுவைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை) செய்யுமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020-லேயே அறிவுறுத்தியது. 48 மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்குமாறு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2022-இல் கூறியது.

தங்கையைத் தனி அறையில் வைத்திருக்கிறோம். அம்மாவின் நிலையைக் கருதி உடனே ஆர்டி-பிசிஆர் எடுப்பதா, 48 மணி நேரம் காத்திருந்து மறுபடி சோதிப்பதா? மருத்துவரை நாளைதான் பார்க்க முடியும் என்பதால், ஆய்வகத்தில் பணிபுரிவோரும் புற்றுநோயாளிகளைப் பராமரிப்போரும் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.