கண்ணாடி மொசைக் டைல்ஸ் கழன்று விழுகிறது, அவசரம்

புதுவீடு_ஈரோடு
வணக்கம். அடுப்பு மேடைக்கு மேலே கண்ணாடி மொசைக் ஒட்டி இரண்டு நாள்தான் ஆகிறது. காலையில் பார்த்தால் ஒரு ஷீட் மேடையில் விழுந்து கிடக்கிறது. மற்றதைத் தட்டினால் டொக் டொக் என்கிறது. ஞாயிறு பால் காய்ச்சுகிறோம். என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்
எதை வைத்து ஒட்டினார்கள்? சிமெண்ட் பாலா, டைல்ஸ் ஒட்டும் பேஸ்டா? சுவரில் பெயிண்ட் இருந்ததா? ஷீட்டுக்குப் பின்னால் வலையா, முன்னால் காகிதமா?

ஆற்றுமணல்
எம்சாண்ட் பூச்சாகத்தான் இருக்கும். ஆற்று மணல் காலத்தில் இப்படி விழுந்து நான் பார்த்ததே இல்லை.

மாடித்தோட்டம்
அண்ணா, போன வாரம் ஒருவர் வீட்டுக் கதவு இறுகியதற்கும் எம்சாண்ட் என்றுதான் சொன்னீர்கள்.

சைட்_சார்
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? பட்டி பார்த்து எமல்ஷன் அடித்த சுவரில் ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ் பெயிண்டில் ஒட்டும், பெயிண்ட் சுவரில் நிற்காது. முதலில் சுவரைக் கொத்திவிட வேண்டும் தம்பி. அடிப்படை.

புதுவீடு_ஈரோடு
தம்பி இல்லை சார், தங்கச்சி. பெயிண்ட் அடிக்கவே இல்லை, வெறும் பூச்சுச் சுவர். பின்னால் வலை. பேஸ்ட்தான்.

கரணை70
விழுந்த ஷீட்டைத் திருப்பிப் பாரும்மா. பேஸ்ட் எதில் இருக்கிறது, டைல்ஸ் முதுகிலா, சுவரிலா?

புதுவீடு_ஈரோடு
சுவரில்தான் அண்ணா. பல் கரண்டி இழுத்த வரி வரியாக, சீப்பு போட்ட மாதிரி அப்படியே நிற்கிறது. டைல்ஸ் முதுகு கழுவி வைத்தது போல இருக்கிறது.

கரணை70
அப்போது சுவர் மேல் தப்பில்லை. பேஸ்டின் மேல்தோல் காய்ந்த பிறகு அழுத்தியிருக்கிறார்கள். முழுச் சுவருக்கும் ஒரேயடியாகத் தடவிவிட்டு டீ குடிக்கப் போனாரா மேஸ்திரி? இரண்டு மூன்று ஷீட்டுக்கு மட்டும் தடவி, வரியைத் தட்டைக் கரண்டியால் படியத் தேய்த்துவிட்டுத்தான் கண்ணாடியை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டினாலும் வரி வெளியே தெரியும். இன்னொன்று, கண்ணாடி தண்ணீர் குடிக்காது. சிமெண்ட் பிடித்துக்கொள்ள அதில் துளையே கிடையாது. பாலிமர் கலந்த வெள்ளைப் பேஸ்ட்தான் வேண்டும், பையில் சி2டிஇ என்று தரக் குறி போட்டிருக்கும்.

புதுவீடு_ஈரோடு
கடையில் சாம்பல் நிறம்தான் இருந்தது. வெள்ளையாக வேண்டும் என்று மேஸ்திரி பாதிக்குப் பாதி ஒயிட் சிமெண்ட் கலந்தார். அதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

மாடித்தோட்டம்
அடக் கடவுளே.

சைட்_சார்
நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

அம்பத்தூர்_அக்கா
டைல்ஸ் இடுக்குகளை அடைக்கக் கிரவுட் போடும்போது எபாக்ஸி வகை போடு கண்ணு. சாதாரண கிரவுட்டில் மஞ்சள் ஏறினால் போகாது. எங்கள் வீட்டில் தாளிக்கிற பக்கம் மட்டும் தனி நிறம்.

ஆற்றுமணல்
எபாக்ஸிக்குக் கொடுக்கிற காசுக்கு முழுச் சுவருக்கும் கிரானைட்டே ஒட்டலாம். மொசைக்கில் எத்தனை சந்து! எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு.

அம்பத்தூர்_அக்கா
வீட்டில் சந்தைத் தேய்க்கிறது யார், நீங்களா?

ஆற்றுமணல்
ஞாயிற்றுக்கிழமை நான்தான்.

கரணை70
கிரானைட் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா, டொக் சத்தம் வருவதை எல்லாம் எடுத்துவிடு. சுவரில் உள்ள வரியைச் சுரண்டி, தூசி துடைத்து, புதுப் பேஸ்டில் ஒட்டச் சொல். கண்ணாடிக்குப் பின்னால் ஈரம் மெதுவாகத்தான் காயும், மூன்று நாள் விட்டுத்தான் கிரவுட். எபாக்ஸி இல்லையென்றால் மணல் கலக்காத கிரவுட், மணல் கண்ணாடியைக் கீறும். மேடையும் சுவரும் சேரும் மூலையில் கிரவுட் வேண்டாம், சிலிகான். ஞாயிறுக்குள் முடியாது.

புதுவீடு_ஈரோடு
நன்றி அண்ணா. பால் பொங்கியாச்சு, பின்னால் முக்கால்வாசிச் சுவர் மொட்டையாக. பதினோரு ஷீட் கையோடு வந்துவிட்டது. ஜன்னல் ஓரத்து மூன்று மட்டும் அசையவே இல்லை.

மாடித்தோட்டம்
அந்த மூன்றைத் தட்டிப் பார்த்தீர்களா? சத்தம் எப்படி?

மாடித்தோட்டம்
தங்கச்சி?