கேட்காத நெடுவரிசை: கட்டுமானப் பணியில் கணினியும் தரவும் தந்த அனுபவங்கள்

தாம்பரம்வாசி எழுதியது:

கியூப் சோதனை, அதாவது கான்கிரீட்டைக் கனசதுரக் கட்டிகளாக வார்த்து, நீரில் ஊறவைத்து, எந்திரத்தில் நசுக்கி உடைத்து வலிமை பார்ப்பது, இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்னைப் புறநகரில் நடந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வேலையில், ஒப்பந்ததாரரின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். மூன்றாம் தளம் வரையிலான எம்25 கான்கிரீட்டின் (சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் வலிமை எதிர்பார்க்கப்படும் கலவை) 28 நாள் முடிவுகள் கையால் எழுதிய ரெஜிஸ்டரில் இருந்தன. அவற்றை எக்செலில் ஏற்றி, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேட்கிறபடி தொடர்ச்சியான நான்கு முடிவுகளின் சராசரியைக் கணக்கிட்டு அட்டவணையாகத் தரச் சொன்னார்கள். மொத்தம் 34 மாதிரிகள், 102 கியூப்கள். தட்டச்சு முடிந்ததும், யாரும் கேட்காத ஒரு நெடுவரிசையை நானாகச் சேர்த்துத் திட்ட விலக்கத்தை, அதாவது முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை, பார்த்தேன். 0.42 என்று வந்தது.

போதிய சோதனை முடிவுகள் கையில் இல்லாதபோது எம்25-க்கு 4 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அந்தத் தரநிலை. சூத்திரத்தில்தான் தவறு என்று நினைத்து இரண்டு முறை திருத்திப் பார்த்தேன், எண் மாறவில்லை. அதன் பிறகே இன்னொன்று தோன்றியது. ரெஜிஸ்டரில் ஒவ்வொரு கியூபுக்கும் வலிமை எழுதப்பட்டிருந்தது, சுமைக்கான கட்டம் காலியாக இருந்தது. கியூபின் முகப்பரப்பு 22,500 சதுர மி.மீ. என்பதால், வலிமையை 22.5-ஆல் பெருக்கினால் எந்திரம் காட்டியிருக்க வேண்டிய சுமை கிலோநியூட்டனில் கிடைத்துவிடும். 28.31-ஐப் பெருக்கினால் 637. எங்கள் ஆய்வகத்தில் இருந்ததோ முள் நகரும் பழைய டயல் எந்திரம். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 10 கிலோநியூட்டன். கண்ணைச் சுருக்கிப் படித்தாலும் 635 என்றோ 640 என்றோ எழுதலாமே தவிர, 637 என்று எழுத முடியாது. 102 கியூப்களில் 5-இன் மடங்காக வந்தவை இருபத்திரண்டு மட்டுமே. மனம்போன போக்கில் எண்களை எழுதினாலும் ஐந்தில் ஒன்று அப்படி அமைந்துவிடும்.

அன்று மாலை ஆய்வகத்தின் பின்புறம் போனேன். கியூப்களை ஊறவைக்கும் கியூரிங் தொட்டி வற்றிக் கிடந்தது. அதன் அருகே கியூப்கள் இடுப்பளவுக்கு அடுக்கப்பட்டிருந்தன. மேல்முகத்தில் சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்த தேதியையும் எண்ணையும் ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டேன். 29.03-இல் உடைந்ததாக எழுதப்பட்ட கியூப், ஒரு மூலைகூட உதிராமல், எட்டுக் கிலோ கனத்தோடு என் இரண்டு கைகளிலும் இருந்தது.

மேலாளரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அட்டவணையில் கேட்காத நெடுவரிசை எதற்குத் தம்பி?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஆறு தூண்களில் ரீபவுண்டு சுத்தியல் (கான்கிரீட்டை உடைக்காமல், தட்டி எழும்பும் அளவை வைத்து வலிமையை மதிப்பிடும் கருவி) வைத்துப் பார்த்தார்கள், குறை சொல்லும்படி எதுவும் வரவில்லை. ஆகவே கட்டடம் பலவீனமானது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து நீக்கிய விரல் என்னுடையது என்பதுதான் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

சங்கிலிக்காரன் எழுதியது:

என்னுடையது நில அளவை சம்பந்தப்பட்டது. திண்டுக்கல் பக்கமிருந்து மதுரைப் பக்கம் வரும் ஒரு குடிநீர்க் குழாய்ப் பாதையை இரண்டு குழுக்கள் அளந்தன. இரண்டு ஊர்களுக்கும் நடுவே 78 பாகைத் தீர்க்கரேகை போகிறது என்பதும், பூமியை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து அளக்கும் யூ.டி.எம். முறையில் அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44-ஆம் மண்டலம் என்பதும் எங்களுக்குத் தெரிந்தவைதாம். தெரிந்திருந்தும் இரண்டு கோப்புகளையும் ஒரே வரைபடத்தில் திறந்துவிட்டோம். எல்லையில் ஒரு கோப்பின் கிழக்கு ஆயம் (கிழக்குத் திசைத் தூரம், மீட்டரில்) 8 லட்சத்து 28 ஆயிரத்தில் முடிகிறது, அடுத்தது 1 லட்சத்து 71 ஆயிரத்தில் தொடங்குகிறது. மதுரைப் பகுதி முழுவதும் லட்சத்தீவுப் பக்கம் அரபிக் கடலில் போய் விழுந்தது. எல்லோரும் சிரித்தோம்.

சிரித்ததோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதப் போவதில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த பையன், கோட்டின் முனையைப் பிடித்து இழுத்து மற்றதோடு ஒட்டிவிட்டான். திரையில் கச்சிதமாகப் பொருந்தியது. நானும் கையெழுத்திட்டேன். ஆனால் மண்டலத்தின் விளிம்பில் கட்ட வடக்கு (வரைபடக் கட்டங்கள் காட்டும் வடக்கு) உண்மை வடக்கிலிருந்து அரைப் பாகை விலகியிருக்கும்; அடுத்த மண்டலத்தில் அதே அரைப் பாகை எதிர்ப்பக்கமாக விலகும். ஆக, ஒட்டிய பகுதி முழுவதும் ஒரு பாகை திரும்பியிருந்தது. பத்துக் கிலோமீட்டர் போனால் 180 மீட்டர் பக்கவாட்டில் விலகிவிடும். குறியிடப் போனவர் தொலைபேசியில் அழைத்து, "சார், கோடு ஊருணிக்குள் இறங்குகிறது, நான் இறங்கட்டுமா?" என்று கேட்டார். கடலில் விழுந்த பிழையைக் கண்டுபிடிப்பதற்கு யாரும் தேவையில்லை. ஒட்டவைத்த பிழையைக் கண்டுபிடிக்க ஒரு குளம் தேவைப்பட்டது.

ஓய்வுபெற்ற உ.பொ. (உதவிப் பொறியாளர்) எழுதியது:

தாம்பரம்வாசி அவர்களுக்கு ஒரு மறுப்பு. திட்ட விலக்கம் குறைவாக இருப்பது நல்ல தரக் கட்டுப்பாட்டின் அடையாளமாகவும் இருக்கலாம். ஆலையில் எடை போட்டுக் கலந்து, மணலின் ஈரத்தைக் காலையும் மாலையும் சரிபார்க்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஓர் எண்ணை மட்டும் வைத்து ஒருவர்மேல் சந்தேகப்படுவது முறையல்ல. கியூபைக் கையில் எடுத்த பிறகு நீங்கள் சொல்வது வேறு, அதை ஏற்கிறேன்.

என் அனுபவம் சிறியது. சாலை வேலையில் சப்கிரேடின் (சாலைக்கு அடியில் உருட்டி இறுக்கிய மண் அடுக்கின்) இறுக்கத்தை, குழி தோண்டி மணலால் நிரப்பி அளக்கும் மணல் மாற்று முறையில் சோதித்து, முடிவுகளை எக்செலில் பதிந்தார்கள். கேட்டது 97 சதவீதம், சராசரி 98.2 என்று வந்தது, பணமும் பட்டுவாடா ஆயிற்று. ஓராண்டு கழித்து அதே கோப்பைத் திறந்தபோது ஏழு எண்கள் மட்டும் கட்டத்தின் இடப்புறம் ஒட்டி நிற்பதைக் கவனித்தேன். 97-க்குக் கீழே வந்த இடங்களை மறக்காமல் மறுபடி உருட்ட வேண்டும் என்று, பொறுப்பான ஒரு மேற்பார்வையாளர் அந்த ஏழு எண்களின் பின்னாலும் உடுக்குறி (*) போட்டிருக்கிறார். உடுக்குறி விழுந்ததும் எக்செலுக்கு அது எண் அல்ல, எழுத்து. சராசரி எடுக்கும்போது எழுத்துகளை ஒதுக்கிவிடுகிறது. தவறிய இடங்கள் அனைத்தும், தவறியவை என்று குறிக்கப்பட்ட காரணத்தாலேயே, கணக்கிலிருந்து வெளியேறிவிட்டன.

இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லிக்கொள்கிறேன். கணக்கிட்டு வந்த வலிமையைப் பதியாதீர்கள். எந்திரம் காட்டிய சுமையைப் பதியுங்கள், வகுத்தலைக் கணினி செய்யட்டும். குறிப்புக்கென்று தனி நெடுவரிசை வையுங்கள், எண்ணுள்ள கட்டத்தில் எண்ணைத் தவிர வேறெதுவும் வரக் கூடாது. சராசரியைக் கணக்கிடும்போது எத்தனை எண்களின் சராசரி என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கட்டமைப்பு மென்பொருளில் ஒரு மாதிரியை ஓட்டியவுடன் வண்ணப் படங்களைப் பார்க்காமல், முதலில் அடித்தள எதிர்வினைகளின் (கட்டடத்தைத் தாங்கத் தரை திருப்பித் தரும் விசைகளின்) கூட்டுத்தொகையைப் பாருங்கள். கான்கிரீட்டுக்குக் கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன் என்று வைத்துக் கையால் போட்ட மொத்த எடையோடு அது ஒத்துவராவிட்டால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம். ஒன்பது அங்குலச் சுவர் மூன்று மீட்டர் உயரத்துக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 14 கிலோநியூட்டன் வரும் என்பது போன்ற எண்கள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் உள்ளரங்கம் ஒன்றின் கூரை 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனியின் சுமை தாங்காமல் விழுந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்பு வரை அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடைப்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூரையைக் கட்டும்போதே அதன் தொய்வு கணினி சொன்னதைப்போல் இரு மடங்கு இருந்தது. அளந்தார்கள், சொல்லவும் சொன்னார்கள். கணினியின் எண்ணே சரியென்று விட்டுவிட்டார்கள். ஆகவே அளவு நாடாவை முதலில் நம்புங்கள். எங்கள் காலத்தில் சறுக்குக் கோலை (நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோலை) வைத்துக்கொண்டே இவ்வளவையும் செய்தோம்.

மூன்றாம் மாடி எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். சறுக்குக் கோல் காலத்தில் கட்டியவற்றிலும் விழுந்தவை உண்டு. நார்வேயில் ஸ்லெய்ப்னர் ஏ என்ற எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23 அன்று கடலில் மூழ்கியதற்கு, வெட்டுவிசையைக் கணினி 47 சதவீதம் குறைத்துக் காட்டியதுதான் முக்கியக் காரணம் என்பது உண்மை. ஆனால் விபத்துக்குப் பிறகு கட்டமைப்பைச் சிறு கூறுகளாகச் சரியாகப் பகுத்து அதே முறையில் கணக்கிட்டபோது, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். பிழை கருவியில் அல்ல, அதற்கு ஊட்டிய கூறுகளின் வலைப்பின்னலில் இருந்தது. தாங்கள் சொல்லும் எதிர்வினைச் சோதனையும் எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதற்கு என் கதையே சாட்சி.

ஈடேப்ஸ் என்ற கட்டமைப்பு மென்பொருளில், தரைத்தளத்தில் வண்டி நிறுத்தும் ஆறு மாடிக் கட்டடம், உயரம் 20 மீட்டர், அகலம் 16 மீட்டர். கட்டடக்கலை வரைபடத்தை அப்படியே இறக்கி அதன்மேல் கோடுகள் போட்டேன். மொத்த எடை கையால் போட்டதோடு அச்சாகப் பொருந்தியது. நிம்மதியாகக் கம்பிக் கணக்குக்குப் போய்விட்டேன். நான்காம் நாள்தான் முதல் அதிர்வின் காலத்தை, அதாவது ஒரு முறை ஆடி முடிக்க எடுக்கும் நேரத்தை, பார்த்தேன்: 3.6 விநாடி. நிலநடுக்கத்துக்கான தரநிலை ஐ.எஸ். 1893 தரும் தோராய வாய்பாட்டில், செங்கல் சுவர் நிரப்பிய சட்டகத்துக்கு 0.09 பெருக்கல் உயரம், வகுத்தல் அகலத்தின் வர்க்கமூலம் என்று போட்டால் 0.45 விநாடிதான் வருகிறது. சுவரின் விறைப்பை மாதிரியில் சேர்க்கவில்லை, அதனால் கூடுதலாக வருவது இயல்பே என்றாலும், எட்டு மடங்கு வராது. அசைவுப் படத்தை ஓட்டினேன். கட்டடம் முழுவதும் சிலைபோல் நிற்க, மூன்றாம் மாடியின் ஒரு மூலையில் தூக்குத் தாழ்வார உத்திரம் ஒன்று மட்டும் காற்றில் முருங்கைக் கிளைபோல் ஆடிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அதன் பின்முனை உள்பக்க உத்திரத்தைத் தொடாமல் இரண்டு மி.மீ. தள்ளி முடிந்திருக்கிறது. தொங்கும் பகுதியைத் தாங்க வேண்டிய பின்பிடி இல்லாமல், தூணின் தலையை மட்டும் பற்றிக்கொண்டு அது நின்றது. எடை குறையவில்லை, எதிர்வினை குறையவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை.

அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அதே அலுவலகத்தில் அதற்கு முன் நான் ஓட்டிய மாதிரிகள் இருபதுக்கு மேல் இருக்கும். அவற்றில் ஒன்றையும் நான் அசைத்துப் பார்த்ததில்லை.

தாம்பரம்வாசி எழுதியது:

உ.பொ. ஐயா சொன்ன மறுப்புக்கு: ஒரே கலவையிலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே கையால் நிரப்பிய மூன்று கியூப்களுக்கிடையிலேயே சதுர மி.மீ.க்கு ஒரு நியூட்டன் வேறுபாடு சாதாரணமாக வரும். எவ்வளவு சீராகக் கலந்தாலும் மூன்று மாத வேலையில் மொத்த வேறுபாடு 0.42-க்குள் அடங்குவதற்கு வழியில்லை. உங்கள் ஏழு எண்களைப் படித்த பிறகு என் பழைய கோப்பையும் திறந்து, கட்டங்கள் எந்தப் பக்கம் ஒட்டி நிற்கின்றன என்று பார்த்தேன். எல்லாம் வலப்புறமே இருந்தன. பொய்யாக இருந்தாலும் அவை எண்கள்தாம்.

ஏரிக்கரை எழுதியது:

தாமதமாகச் சேர்ந்துகொள்கிறேன். ஒரு புறநகர் ஏரியின் உபரிநீர்க் கால்வாயை அகலப்படுத்தும் திட்டத்துக்காக, 2015 டிசம்பர் முதல் வார வெள்ளத்தை மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிடும் எஸ்.டபிள்யூ.எம்.எம். மென்பொருளில் மறுபடி உருவாக்க முயன்றேன். தினசரி மழையளவு ஒரு துறையிலிருந்தும், மணிவாரியான ஏரி மட்டம் வேறொரு துறையிலிருந்தும் வந்தன. மாதிரி பொருந்தவில்லை. நானும் கெழுக்களைத் திருகிக்கொண்டே போனேன். மண் நீரை உறிஞ்சும் அளவைக் குறைத்தேன், முந்தைய நாட்களின் ஈரத்தைக் கூட்டினேன். கடைசியில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன், அதில் பெருமையும் இருந்தது.

ஆய்வுக் கூட்டத்தில் அந்த ஏரியின் மதகில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மழைக் கம்பங்களையும் மட்டக் கோட்டையும் சற்று நேரம் பார்த்துவிட்டு, "மழை பெய்வதற்கு முந்தைய நாளே ஏரி எப்படி ஏறத் தொடங்கியது தம்பி?" என்று கேட்டார். அறையில் யாரும் பேசவில்லை. வானிலைத் துறையின் மழை நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை; காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் 8.30 மணிக்கு முடிகிறது, பதிவில் எழுதப்படுவதோ முடிகிற நாளின் தேதி. டிசம்பர் 2 என்று பதிவாகியிருந்த பெருமழையின் பெரும்பகுதி 1-ஆம் தேதி பகலிலும் இரவிலும் கொட்டியது. நான் அதை 1-ஆம் தேதி நள்ளிரவு கடந்து, 2-ஆம் தேதி பிறந்த பிறகு பெய்ய வைத்திருந்தேன். வராத மழைக்கு ஏரி நிரம்ப வேண்டும் என்பதற்காகத்தான் மண்ணைப் பாறையாக்கியிருக்கிறேன்.

தேதியைச் சரிசெய்து, கெழுக்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய், திருத்திய கோப்பை ஒரு விளக்கக் கடிதத்தோடு அனுப்பினேன். சென்ற மாதம் வேறொரு கால்வாய்க்கான அறிக்கையைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். பிற்சேர்க்கையில் அந்தப் பழைய படம் இருந்தது. பெய்யாத மழை, ஏறும் ஏரி, ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு கோடுகள். நான் தேர்ந்தெடுத்த அதே நீல நிறத்தில்.