புதுப்பிப்பு: நீராவி எஞ்சினுக்கு தர்மபுரி போர்வெல் தண்ணீர் ஊற்றலாமா?

மொரப்பூர்–தர்மபுரி பாதை (1906–1941) போன்ற 2 அடி 6 அங்குலத் தடத்தில் ஓடும் பழைய எஞ்சினை மறுபடி ஓட்டுவது பற்றி முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். ‘ஹைட்ராலிக் டெஸ்ட் (பாய்லருக்குள் தண்ணீரை அடைத்து அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) முடிந்ததும் தண்ணீர் நிரப்பி நெருப்பு போடலாம்’ என்றது அவசரம். வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் பாய்லர் கசியாமல் நின்றாலும், உள்ளே போகிற தண்ணீர் அதைக் கெடுத்துவிடும்.

நம்மூர் போர்வெல் தண்ணீரைப் பற்றி, கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அதே வெள்ளைப் பொருக்கு ஃபயர்பாக்ஸ் (நெருப்பு எரியும் பெட்டி) தகட்டில் தண்ணீர்ப் பக்கம் படியும். வெப்பம் தண்ணீருக்குக் கடக்காமல் தகடே சூடேறிப் புடைக்கும்.

கொதித்தாலும் போகாத நிரந்தரக் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 100 மி.கி. என்றால், அதைப் போக்க 1,000 லிட்டருக்கு 106 கிராம் சோடா ஆஷ் (நீரற்ற சோடியம் கார்பனேட்) கணக்கு. பளிங்கு வாஷிங் சோடா என்றால் 286 கிராம். வெளித்தொட்டியில் கலக்கி, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். கொதித்தால் போகிற கடினத்தன்மைக்குச் சுண்ணாம்பு தனி. மழைநீர் இருந்தால் இந்த வம்பே இல்லை.

கைக்கு வந்தபடி சோடா போட்டால் பாய்லர் நுரைக்கும்; ஆவியோடு தண்ணீரும் சிலிண்டருக்குப் போகும். தண்ணீர் அமுங்காது, சிலிண்டர் மூடிதான் உடையும். கிளப்பும்போது டிரெயின் காக் (சிலிண்டரில் தேங்கிய தண்ணீரை வெளியே விடும் குழாய்) திறந்தே இருக்கட்டும்.

மதியம் மட்டும் இன்ஜெக்டர் (ஆவியைக் கொண்டு தொட்டித் தண்ணீரை பாய்லருக்குள் தள்ளும் கருவி) தண்ணீரை வெளியே துப்பினால், முதலில் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் சுட்டால் இன்ஜெக்டருக்குள் ஆவி குளிர்ந்து நீராகாது. தொட்டி மேல் ஈரச் சாக்கு போடுங்கள்.