நிலாவெளியில் பார்த்த ஆல்ட்டோ: போனபோதே எஞ்சின் சூடாக இருந்தது, வாங்கலாமா?

உவர்மலையான்:
வணக்கம். மனைவி கிண்ணியாவில் படிப்பிக்கிறார். பஸ் மாறிப் போய் வருவதில் களைத்துப்போய்விட்டார். சிறிய பெற்றோல் கார் ஒன்று தேடி, திருகோணமலை நிலாவெளியில் 2014 ஆம் ஆண்டு ஆல்ட்டோ 800 ஒன்றைப் பார்த்தோம். மீற்றரில் 68,000 கிலோமீற்றர். வெளியே பளபளப்பு, உள்ளே மல்லிகை வாசனை மூக்கைத் துளைத்தது.

போனட்டில் கை வைத்தேன், நல்ல சூடு. விற்பவரிடம் கேட்டதற்கு, "நீங்கள் வருகிறீர்கள் என்று இப்போதுதான் கழுவி வைத்தேன்" என்றார். கழுவினால் எஞ்சின் சூடாகுமா? கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) போத்தலில் இருந்தது பால் ஊற்றாத தேநீர் போல இருந்தது. நிற்கும்போது வண்டி நடுங்குகிறது, ஏசி போட்டால் இன்னும் கூடுகிறது. உப்புவெளி வரை ஓட்டிப் பார்த்தேன், பிழை சொல்ல முடியவில்லை. தரகர் அவசரப்படுத்துகிறார். என்ன செய்யலாம்?

கன்னியா வீதி கராஜ்காரன்:
தம்பி, முதலில் நடுக்கத்தை விடுங்கள். அது மூன்று சிலிண்டர் எஞ்சின், கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். ஏசி போட்ட கணத்தில் சத்தம் தாழ்ந்து உடனே நிமிர்ந்தால் நல்லது. தாழ்ந்தபடியே திணறினால் எஞ்சின் மவுண்ட், பிளக், திரொட்டில் பொடியில் படிந்த கரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் செலவு குறைந்த வேலைகள்.

எனக்கு உறுத்துவது சூடும் தேநீர் நிறமும்தான். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. சூடேற்றி வைத்துவிட்டால் ஸ்டார்ட் ஆகும்போது வரும் கடகட சத்தமும் புகையும் மறைந்துவிடும். காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய் நில்லுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஒருவர் சைலன்சருக்குப் பின்னால் நிற்கட்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது. வெள்ளை ஆவி சற்று நேரத்தில் மறைந்தால் பயமில்லை. சூடேறிய பிறகும் வெள்ளையாக, இனிப்பு மணத்தோடு வந்தால் கூலண்ட் உள்ளே எரிகிறது.

நிறத்துக்குக் காரணம் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர். கடற்கரைக் கிணற்றில் உப்பு இருக்கும். கூலண்டுக்குப் பதிலாக அதை ஊற்றி ஊற்றி ரேடியேற்றரைத் துருப்பிடிக்க வைத்துவிடுவார்கள். எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ரேடியேற்றர் மூடியைத் திறவுங்கள். சூட்டில் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களைக் கண்டிருக்கிறேன். மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் இரண்டொரு குமிழி வருவது சரி. நிற்காமல் கொதிப்பது போல வந்து, அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கக் கூடினால் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போய்விட்டது.

உப்புவெளி வரை ஓடியதை ஓட்டம் என்று சொல்லாதீர்கள், அது சமதரை. மூன்று பேர் ஏறி, ஏசி போட்டு, கோணேசர் கோயில் ஏற்றத்தில் விடுங்கள். இறங்கியதும் எஞ்சினை நிறுத்தாமல் இருபது நிமிடம் வைத்து, ரேடியேற்றர் விசிறி தானாகச் சுற்றி நிற்கிறதா என்று பாருங்கள்.

கிண்ணியா நானா:
நிலாவெளி என்றதும் எனக்கு அடித்தளம்தான் ஞாபகம் வருகிறது. கடலோரத்தில் இருந்த கார் ஒன்றை நானும் வாங்கினேன். கீழே புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்திருந்தார்கள். நல்ல பராமரிப்பு என்று மகிழ்ந்தேன்! அடுத்த மழைக்காலத்தில் கால்மிதி ஈரமாக இருக்கிறதே என்று தூக்கிப் பார்த்தால், கீழே வீதி தெரிந்தது. அந்தப் பூச்சு துருவின் மேல் போர்த்திய போர்வை.

ஒரு ஸ்குரூ டிரைவரின் பிடியால் ஜாக் வைக்கும் இடத்தைத் தட்டுங்கள். கணீர் என்றால் தகடு, பொத் என்றால் துரு. பின்பக்க ஷொக் (அதிர்வுதாங்கி) மேலே பொருந்தும் இடத்தையும் கதவு ரப்பருக்கு அடியையும் விடாதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிமுனையில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது.

பழைய கிளார்க்:
மீற்றரைப் பற்றி யாரும் பேசவில்லையே. 68,000 உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகவும் ஸ்டியரிங் தோல் உரிந்தும் இருந்தால் நம்பாதீர்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். அந்த 796 சிசி எஞ்சினுக்கு டைமிங் பெல்ட், செயின் அல்ல. பெல்ட்டைக் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும், எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் கேளுங்கள்.

பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா, விற்பவரின் பெயர்தான் உரிமையாளராக இருக்கிறதா, சேசிஸ் இலக்கம் பொருந்துகிறதா? வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கி வைத்திருக்கும் தரகரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கிடைத்த பாகத்தைப் போட்டு ஓட்டிய வண்டிகள் ஏராளம். எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று கட்டாயம் கேளுங்கள்.

உவர்மலையான்:
சனிக்கிழமை காலை 6.10 க்குப் போய்விட்டேன். அவர் சாரத்தோடு வெளியே வந்து, "இவ்வளவு வெள்ளனவா?" என்றார். போனட் குளிர்ந்திருந்தது. நாலாவது முறைதான் ஸ்டார்ட் ஆனது. மூடியைத் திறந்திருந்ததில் பழுப்பு நுரை பொங்கி, மிதித்தபோது என் சட்டை வரை தெறித்தது. "அது காற்று" என்றார். ஷொக் பொருந்தும் இடத்தில் விரல் வைத்தேன், துருச் செதில்கள் உள்ளங்கையில் உதிர்ந்தன. ஒன்றரை இலட்சம் குறைப்பதாகச் சொன்னார்.

கன்னியா வீதி கராஜ்காரன்:
ஹெட்டைக் கழற்றினால் எஞ்சின் செலவு எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாது. துருவுக்கு வேறு கணக்கு. மூன்று இலட்சம் குறைத்தாலும் வேண்டாம்.

உவர்மலையான்:
நன்றி அண்ணா, நானா, ஐயா. விட்டுவிட்டேன். சீனக்குடாவில் ஒரு தாதியின் செலேரியோ கார் இருக்கிறதாம், கழுவக்கூட இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை விடிய வர முடியுமா, அண்ணா? சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கொம்பிரஷன் மானியையும் கொண்டுவாருங்கள்.

கன்னியா வீதி கராஜ்காரன்:
வருகிறேன். மூன்று சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், ஒன்று மட்டும் பத்து, பதினைந்து வீதம் தாழ்ந்தால் திரும்பி வருவோம். ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.