காவ்யா வளைகாப்பு: பாட்டு யார் பொறுப்பு?

குழு: கீழவீதி வீடு

கார்த்திக்: வளைகாப்பு சனிக்கிழமை, எங்கள் அபார்ட்மெண்டில்தான். ஒரே வேண்டுகோள், பாட்டுச் சத்தம் மெதுவாக இருக்கட்டும். பொங்கலன்று கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியது நினைவிருக்கும்.

சேகர் மாமா: அவர் பாட்டுக்காகத் தட்டவில்லை. உன் சித்தப்பா ஆடியதற்காகத் தட்டினார்.

அம்மா: நலங்குப் பாட்டு நான் பாடுகிறேன். ஸ்பீக்கர் எதற்கு?

கார்த்திக்: அது சாப்பாட்டு நேரத்துக்கு அம்மா.

ரவி சித்தப்பா: பாட்டை என்னிடம் விடுங்கள். எடி வெடர், ‘உகுலேலே சாங்ஸ்’. நம்ம சியாட்டில் பேண்ட் பேர்ல் ஜாமின் பாடகர். 2011 மே கடைசியில் வந்த தனி ஆல்பம். 16 பாட்டு, மொத்தமே 35 நிமிடம்தான். டிரம்ஸ் கிடையாது, எலெக்ட்ரிக் கிட்டார் கிடையாது. உகுலேலேயும் அவர் குரலும், ஒரு பாட்டில் மட்டும் செல்லோ, அதாவது பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம். முதல் பாட்டு ‘கான்ட் கீப்’ புதிது இல்லை. 2002இல் பேர்ல் ஜாமின் ‘ரயட் ஆக்ட்’ ஆல்பமும் அதே பாட்டில்தான் ஆரம்பிக்கும், ஆனால் முழு பேண்டோடு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் அந்த மனுஷன் குரலில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

மீனா அத்தை: ஆரம்பித்துவிட்டார்.

சேகர் மாமா: மச்சான், சாப்பாட்டுக்கு 35 நிமிடம் போதாது. எனக்கே போதாது.

அம்மா: உகுலேலே என்றால்? அந்தக் குட்டி கிட்டாரா?

ரவி சித்தப்பா: ஆமாம் அண்ணி. நாலு தந்தி. ஹவாய் வாத்தியம் என்பார்கள், ஆனால் மூலம் போர்ச்சுக்கல். 1879இல் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஹவாய் போனவர்கள் ஊர் வாத்தியத்தையும் எடுத்துப் போனார்கள். அதிலிருந்து வந்ததுதான் இது.

அம்மா: கரும்பு என்றதும் ஞாபகம் வருகிறது, அங்கே வெல்லம் கிடைக்குமா, நான் கொண்டுவரவா?

காவ்யா: கிடைக்கும் அம்மா. கண்ணாடி வளையல் மட்டும் கொண்டுவா. கைப்பையில் வை, பெட்டியில் போட்டால் உடைந்துவிடும்.

அம்மா: எத்தனை டஜன்?

மீனா அத்தை: அண்ணா, ப்ரியா ரிசப்ஷனிலும் பாட்டை என்னிடம் விடுங்கள் என்றுதான் சொன்னீர்கள்.

ரவி சித்தப்பா: ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்பணம் கொடுத்தது யார் என்று மாப்பிள்ளையைக் கேள்.

சேகர் மாமா: 🙏

கார்த்திக்: மறுபடியும் அதுவா. சித்தப்பா, பாட்டுப் பட்டியலைப் பார்த்தேன். ‘குட்பை’, ‘ப்ரோக்கன் ஹார்ட்’, ‘வித்தவுட் யூ’, ‘ஸ்லீப்பிங் பை மைசெல்ஃப்’. வளைகாப்புக்கா?

மீனா அத்தை: அடப்பாவமே. மசக்கைக்காரி முன்னாடி ‘குட்பை’யா?

அம்மா: சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் இங்கிலீஷ் தெரியும் தம்பி.

ரவி சித்தப்பா: வாழ்க்கையில் அடிபட்டு எழுதிய பாட்டுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டேடியம் அதிரப் பாடுகிற ஆள் இதில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முணுமுணுக்கிற மாதிரி பாடுகிறார். பின்னால் மறைந்துகொள்ள எதுவும் இல்லை. எனக்குப் பேர்ல் ஜாம் ஆல்பங்களைவிட இதுதான் ஒரு படி மேல். பழைய பாட்டுகளும் உண்டு. ‘டுநைட் யூ பிலாங் டு மீ’ 1926ஆம் வருடத்துப் பாட்டு, கேட் பவர் என்ற பாடகியோடு சேர்ந்து பாடுகிறார். கடைசியில் ‘ட்ரீம் எ லிட்டில் ட்ரீம்’, அதைத் தாலாட்டு என்றே சொல்லலாம்.

கார்த்திக்: அப்படியென்றால் பழைய பாட்டு மட்டும் போடலாம்.

ரவி சித்தப்பா: ஆல்பத்தை அப்படிப் பிய்த்துக் கேட்கக் கூடாது.

சேகர் மாமா: நாம் கேட்கப் போவதில்லை மச்சான், சாப்பிடப் போகிறோம்.

காவ்யா: சித்தப்பா, அந்த செல்லோ பாட்டு ‘லாங்கிங் டு பிலாங்’தானே? எனக்கு அது வேண்டும். ‘ஸ்லீப்பிங் பை மைசெல்ஃப்’ பாட்டைப் பிறகு பேர்ல் ஜாமே 2013இல் ‘லைட்னிங் போல்ட்’ ஆல்பத்தில் போட்டார்கள். அதையும் சேர்க்கலாம். இங்கே மாசக்கணக்கில் தூக்கமே இல்லை, தனியாகவாவது தூங்கினால் போதும்.

ரவி சித்தப்பா: பார்த்தீர்களா! வீட்டில் ஒருத்திக்காவது காது இருக்கிறது.

மீனா அத்தை: என் மாமியார் வீணை கேசட் கேட்பார்.

கார்த்திக்: கேசட் போட மெஷின் எங்கே இருக்கிறது அத்தை?

சேகர் மாமா: முதலில் வீணை, பிறகு உகுலேலே. இரண்டுக்கும் கீழ்வீட்டுக்காரர் எழுந்து வரமாட்டார். கலவை சாதம் எத்தனை வகை? அதைச் சொல்லுங்கள்.

மீனா அத்தை: ஐந்து. புளியோதரை நான். அண்ணா, நீங்கள் தயிர்சாதம், ஸ்பீக்கர் இல்லை.

ரவி சித்தப்பா: இரண்டும் கொண்டுவருவேன்.

கார்த்திக்: பட்டியலை வெள்ளிக்கிழமை அனுப்புங்கள் சித்தப்பா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ‘குட்பை’ மட்டும் கிடையாது.

ரவி சித்தப்பா: பார்க்கலாம்.

அம்மா: வளையல் எத்தனை டஜன் என்று கேட்டேனே?