ரவுட்டர்ல தேதி 1970ன்னு காட்டுது, டைம் சர்வர் (ரவுட்டர் தேதி, மணி கேட்டு வாங்கற இடம்) கட்டத்துல யாரோ கட்டளை எழுதியிருக்காங்க. உங்க யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

மஞ்சக்குப்பம்_வாசி
போன வாரம் ராத்திரி பொண்ணுக்கு ஆன்லைன் டெஸ்ட், பாதியில நெட் நின்னு நின்னு வந்துச்சு. பிரவுசர்ல 192.168.1.1 போட்டு ரவுட்டர் செட்டிங் உள்ள போனேன். தேதி 1970 ஜனவரி 1. சரி, டைம் சர்வர் பேர் அழிஞ்சிருக்கும்னு அந்தக் கட்டத்தைத் திறந்தேன். சர்வர் பேரே இல்லைங்க. ஒரு பேக்டிக், சிடி டெம்ப், செமிகோலன், டபிள்யூகெட், ஏதோ ஒரு ஐபி நம்பர், மறுபடி செமிகோலன், சிஹெச்மாட் 777. வெளிய இருந்து ஏதோ ஒரு ஃபைலை இறக்கி, அதை ஓட்ட அனுமதி கொடுக்கற கட்டளை. நான் எழுதல. வீட்டுல வேற யாருக்கும் அந்தப் பக்கம் இருக்கறதே தெரியாது. பொண்ணு பின்னாடி நின்னு "அப்பா, டைம் முடியப் போகுது"ங்கறா, எனக்குக் கை ஓடல. அந்த வரி எத்தனை நாளா அங்க இருந்துச்சுன்னுதான் இன்னும் மனசு அடங்கல.

லாஸ்பேட்டை_86
இது 2016ல ஜெர்மனியில நடந்த அதே வகை. ஆபரேட்டர் தூரத்துல இருந்தே ரவுட்டரைக் கவனிக்கற 7547 போர்ட் வழியா வந்து டைம் சர்வர் கட்டத்துல கட்டளையைத் திணிக்கப் பாத்தாங்க. அந்த ஊர் நெட் கம்பெனி டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர் சுமார் 9 லட்சம் பேருக்கு நெட் போச்சு.

என் கதை வேற. வீட்டுக் கேமராவை வெளிய இருந்து பாக்கறதுக்காக தனி ஐபி (நெட்ல நம்ம வீட்டுக்குன்னு ஒரு முகவரி) வாங்கியிருந்தேன். ஒரு நாள் பாண்டி பீச்ல காந்தி சிலைகிட்ட உக்காந்து, வைஃபை இல்லாம மொபைல் டேட்டாவுல சும்மா எங்க வீட்டு ஐபியைப் போட்டுப் பாத்தேன். லாகின் பக்கம் திறந்துச்சு, மாடல் நம்பரோட. மாட்ட வந்த தம்பி அன்னிக்கே சொன்னாரு, "ஏதாச்சும்னா நான் ஆபீஸ்ல இருந்தே பாத்துடுவேன்ணே"ன்னு. அதுக்கு அர்த்தம் இதுதான்னு ஒன்றரை வருஷம் கழிச்சுப் புரிஞ்சுது. வண்டியை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்து ரிமோட் மேனேஜ்மென்ட்டை, அதான் வெளிய இருந்து ரவுட்டர் செட்டிங்கைத் திறக்கற வசதியை, ஆஃப் பண்ணேன்.

முதுநகர்_கடை
ரெண்டு பேரும் ஏன் இப்படி பயமுறுத்தறீங்க? எங்க கடையிலயும் லைட் நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், பாஸ்வேர்டை மாத்தினேன், முடிஞ்சுது.

வில்லியனூர்_நெட்வொர்க்
முதுநகர் அண்ணே, முடியலைண்ணே. மாமியார் வீட்டுல நானும் அதையேதான் செஞ்சேன். காபி ஆறறதுக்குள்ள லைட் திரும்ப படபடன்னு அடிக்குது. மிராய் மாதிரி ரவுட்டரைப் புடிக்கற வைரஸ் சமாச்சாரம் பெரும்பாலும் மெமரியிலதான் இருக்கும். ஆஃப் பண்ணா போயிடும், ஆனா வந்த ஓட்டை அப்படியே இருக்கு, தேடிக்கிட்டே இருக்கறவன் மறுபடி வந்துடுவான்.

பாஸ்வேர்டும் எல்லா நேரமும் காப்பாத்தாது. 2018ல டாசான் கம்பெனியோட ஜிபான் (ஃபைபர்) ரவுட்டர்ல என்ன ஆச்சு? முகவரிக்குப் பின்னாடி கேள்விக்குறி போட்டு இமேஜஸ்னு சேர்த்தா லாகினே கேக்காம உள்ள விட்டுச்சு. உள்ள போனதும், லைன் வருதான்னு சோதிக்கற பிங் கட்டத்துல ஐபிக்குப் பதிலா கட்டளை. டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரவுட்டர்ல நாட்டுப் பேர் போற இடத்துலயே ஓட்டை, 2023ல மிராய்க்காரங்க அதைப் புடிச்சுக்கிட்டாங்க. பெட்டிக்குள்ள இருக்கறது சின்ன லினக்ஸ். கட்டத்துல வர்றதைச் சலிக்காம ஷெல்லுக்கு (கட்டளையை எடுத்து ஓட்டற புரோகிராம்) தள்ளினா, செமிகோலனுக்குப் பின்னாடி இருக்கறதை அடுத்த வேலைன்னு எடுத்துச் செய்யும், அதுவும் ரூட் அதிகாரத்துல, அதாவது பெட்டியில எதையும் செய்யற முழு அதிகாரத்துல.

அதனால முதல்ல ஃபர்ம்வேரை, அதாவது பெட்டிக்குள்ள ஓடற மென்பொருளை, புதுசாக்குங்க. ஆபரேட்டர் கொடுத்த பெட்டின்னா நம்மளால ஏத்த முடியாம போகலாம், அவங்களைப் போட்டுப் பிடுங்குங்க. கம்பெனி அப்டேட் தர்றதை நிறுத்தின மாடல்னா பாவம் பாக்காம மாத்துங்க. ரிமோட் ஆஃப். செட்டிங் பாத்து முடிச்சதும் லாக்அவுட் பண்ணுங்க, திறந்தே கிடந்தா வேற ஏதாவது வெப் பக்கம் நம்ம பிரவுசர் வழியாவே ரவுட்டருக்குக் கட்டளை அனுப்ப வழி இருக்கு. மஞ்சக்குப்பம் சார், ரீசெட் பண்ணிட்டுப் பழைய பேக்கப்பை ஏத்தாதீங்க, அந்த வரியும் கூடவே வந்துடும்.

திருப்பாதிரிப்புலியூர்_அக்கா
அம்மா தனியா இருக்காங்க, வீடு பாடலீஸ்வரர் கோயில் பக்கம். ஆபரேட்டர்கிட்ட ஃபர்ம்வேர்னு கேட்டதுக்கு "நெட் வருதுல்லக்கா, அப்புறம் என்ன"ன்னாரு. நானே போய் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஃபர்ம்வேர் பில்ட் (உருவாக்கின) தேதி 2019. அவர் முகம் மாறுச்சு. இந்த மாடலையே எத்தனை வீட்டுல மாட்டியிருக்கோம்னு அவருக்கே அப்பதான் உறைச்சிருக்கும். ஒண்ணும் பேசல, போனை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டாரு. வில்லியனூர் தம்பி, நீங்க சொல்றது எல்லாம் சரிதான், எழுபது வயசு அம்மா இதை எப்படிச் செய்வாங்க?

முதுநகர்_கடை
இப்பதான் போய்ப் பாத்தேன். ரிமோட் ஆன்ல இருக்கு.

மஞ்சக்குப்பம்_வாசி
நேத்து புதுப் பெட்டி மாட்டியாச்சு, பேக்கப் எதையும் ஏத்தல, எல்லாத்தையும் கையாலயே அடிச்சேன். தேதி, மணி சரியாக் காட்டுது. அந்த வரியைப் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். முதுநகர் சார், உங்க டைம் சர்வர் கட்டத்தையும் திறந்து பாத்துச் சொல்லுங்க.