அணுகுண்டு இல்லாத நாடுகளால் அணு ஆயுத ஒழிப்புக்கு என்ன செய்ய முடியும்?

கேள்வி:
2017 ஜூலை 7 அன்று ஐ.நா.வில் 122 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறிய அணு ஆயுதத் தடை ஒப்பந்தம், 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் குண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதில் கையெழுத்திடவில்லை. குடிப்பழக்கம் இல்லாதவர்கள் கூடி மதுவிலக்குத் தீர்மானம் போட்டதைப் போல இது தோன்றுகிறது. இந்த நாடுகளால் உண்மையில் எதையாவது அசைக்க முடியுமா?

பதில் 1:
உவமை சுவையானதுதான், ஆனால் அணுகுண்டு உரிமையாளரின் வீட்டுக்குள்ளேயே கிடப்பதில்லை. அதைச் சுமக்கும் கப்பலுக்கும் விமானத்துக்கும் பிறருடைய துறைமுகமும் ஓடுதளமும் தேவைப்படுகின்றன. 1984இல் நியூசிலாந்தில் ஆட்சிக்கு வந்த டேவிட் லாங்கேயின் அரசு இந்த இடத்தில்தான் கை வைத்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் புக்கானன் என்ற போர்க்கப்பல் வர விரும்பியபோது, அது அணுசக்தியில் இயங்குவதல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதில் அணு ஆயுதம் இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும், உண்டு என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை என்பது அமெரிக்கக் கடற்படையின் வழக்கம். அந்த மௌனத்தை ஏற்க முடியாது என்று நியூசிலாந்து அனுமதி மறுத்தது. விலையும் கொடுத்தது: 1986இல் அந்நாட்டுக்கான பாதுகாப்புக் கடமைகளை அமெரிக்கா நிறுத்திவைத்தது. இருந்தும் 1987இல் தடை சட்டமாகவே ஆனது.

பதில் 2:
கையெழுத்தே கிடைக்காது என்பதும் சரியல்ல. கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைகள் வைக்கப்பட்டதால் எழுந்த 1962 நெருக்கடியில் தங்கள் வாசல்வரை வந்த ஆபத்தைக் கண்ட லத்தீன் அமெரிக்க நாடுகள், 1967இல் ட்லாடெலோல்கோ ஒப்பந்தத்தின் மூலம் தங்கள் பகுதியை அணு ஆயுதமற்ற மண்டலமாக்கின. இந்த நாடுகள்மீது அணு ஆயுதத்தைப் பயன்படுத்தவோ பயன்படுத்துவதாக மிரட்டவோ மாட்டோம் என்று உறுதியளிக்கும் அதன் இரண்டாம் நெறிமுறையை, அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்தும் ஏற்றுள்ளன. ஆளுக்கொரு விளக்கக் குறிப்பைச் சேர்த்துக்கொண்டுதான், என்றாலும் ஏற்றுள்ளன.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நீதிமன்றம் போகும் வழி பயன் தருமா?

பதில் 3:
1946 முதல் 1958 வரை 67 அமெரிக்க அணுச் சோதனைகளைத் தாங்கிய மார்ஷல் தீவுகள் 2014இல் அதையும் முயன்றது. பிரிட்டனுக்கு எதிரான வழக்கில் சர்வதேச நீதிமன்ற நீதிபதிகள் எட்டுக்கு எட்டு எனப் பிரிய, தலைவரின் கூடுதல் வாக்கால் 2016இல் அது தள்ளுபடியானது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் சொல்லும் ஆயுதக் குறைப்புக் கடமை நிறைவேறியதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை, இரு நாடுகளுக்கும் இடையே சட்டப்படியான தகராறே இல்லை என்று முடித்துவிட்டது. என் கருத்தில், இதைவிடக் கூர்மையாகக் கேள்வி கேட்கவேண்டியது, சொந்தமாகக் குண்டு இல்லாமல் பிறர் குண்டின் பாதுகாப்பு நிழலில் இருக்கும் நாடுகளிடம். 2017 வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு, அவற்றில் ஒன்றான நெதர்லாந்து. அதே நெதர்லாந்து, 2022இல் வியன்னாவில் நடந்த அந்த ஒப்பந்த நாடுகளின் முதல் கூட்டத்தில், ஜெர்மனி, பெல்ஜியம், நார்வே ஆகியவற்றோடு பார்வையாளராக வந்து உட்கார்ந்திருந்தது.